பத்தாய மரத்தில் இடம் காலியானபோது

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் டொக் டொக்.

சிஸ்டர், அந்தச் சத்தத்திலிருந்துதான் சொல்ல வேண்டும், வேறு எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. “சின்னவன் படமாகவே அனுப்புகிறாயே கோமதி, பெரியவளை எங்கே காணோம்?” என்று நீங்கள் கேட்டு நாளாகிவிட்டது. பதில் போடவில்லை. நாலு வரியில் சொல்கிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அம்மாவும் உங்களிடம் வந்து ஏதோ அழுதாளாம். அம்மா பாதிதான் சொல்லியிருப்பாள். எனக்கு எதிரான பாதியைச் சொல்லியிருப்பாள்.

அப்போது தம்பி பிறந்து மாதம் ஒன்று இருக்கும். இருட்டிவிட்டது. அத்தான் ஆராய்ச்சி நிலையத்தில் ஏதோ கூட்டம் என்று போயிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து டொக். இது முழுக்கப் பலகை வீடு. பகலில் மரங்கொத்திகள் வந்து வெளிச்சுவரையே கொத்தும், அது பழகிப்போனதுதான். ஆனால் பொழுது அடைந்துவிட்டால் அவை பொந்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிடும், விடிகிறவரை அசையாது. அதையும் அத்தான்தான் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இது என்ன?

எனக்கு ஆவுடைக்கா ஞாபகம் வந்துவிட்டது. சாகிறவரை அக்கா இந்த வீட்டில்தான் அத்தானோடு இருந்தாள். இதே கட்டில். அவள் எழுதி ஒட்டிய மல்லித்தூள் டப்பாவில்தான் அப்போதும் நான் மல்லித்தூள் போட்டுவைத்திருந்தேன். பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நம் ஹாஸ்டலில் படுக்கப் போகும்முன் சொல்வோமே, அந்த ஜெபத்தைச் சொன்னேன். நான் சங்கரன்கோவில் அம்மன் பேரை வைத்துக்கொண்டிருப்பவள். ஆனாலும் பயம் வந்தால் வாயில் வருவது உங்கள் ஜெபம்தான்.

மறுபடியும் டொக் டொக். பையனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தேன். பூரணி மெத்தையில் மண்டியிட்டு, கையில் என் மரக்கரண்டியை வைத்துச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி செய்யுதே?”

“நான் மரங்கொத்தி, சித்தி. தம்பி முழிச்சிட்டானா?”

பாருங்கள். அவனை எழுப்பத்தான் தட்டியிருக்கிறாள். மூன்று வயதுக்கு எவ்வளவு யோசனை!

அவளை ஏன் பக்கத்து அறையில் போட்டாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். இருப்பது ஒரு கட்டில், சிஸ்டர். பச்சைக் குழந்தை. இவள் தூக்கத்தில் காலைத் தூக்கிப் போடுவாள். ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பினார்கள், குழந்தை தனியாகத் தொட்டிலில் படுக்க வேண்டும் என்று. தொட்டிலில் போட்டால் எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் பையனை என்னோடு போட்டுக்கொண்டேன். பூரணியை நகர்த்தினேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பூப்போட்ட பஞ்சு ரஜாய்ப் போர்வை வாங்கிக் கொடுத்தேன். அத்தான் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “உன் கதவைத் தாழ் போடாதே கோமு. பிள்ளை ராத்திரி எழுந்து வந்தா என்ன செய்வா?” போடவில்லை. பயந்துகொண்டே திறந்து வைத்திருந்தேன்.

அவரை அத்தான் என்றுதான் சொல்கிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அத்தான், என் கழுத்தில் கட்டின பிறகும் அத்தான். கூப்பிடுவதில் எனக்கு ஒன்றும் மாறவில்லை.

உங்களுக்குத் தெரியும், அக்கா போனபோது நான் பி.எட். இரண்டாம் வருஷம். இங்கே மூளையில் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய் மறுநாளே முடிந்துவிட்டது. பூரணிக்கு அப்போதுதான் முதல் பிறந்தநாள் கழிந்திருந்தது. அத்தான் பிள்ளையையும் ஒரு கலசத்தையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சமைத்த பாத்திரம் கழுவி முடியவில்லை, பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேற எவளையாவது கட்டினா பிள்ளையை அடிப்பா, பட்டினி போடுவா. தங்கச்சின்னா தாய்க்குத் தாய். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், எங்கள் பெரியம்மா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

அத்தானுக்கு அக்கா ஒருத்தி உண்டு, தெய்வானை மதினி. நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். பிள்ளை இல்லை. அவர்கள் அன்றைக்கு எழுந்து நின்று, “யாரும் யாரையும் கட்ட வேண்டாம். அந்தப் பெண் படிக்கட்டும். பிள்ளையை எங்கிட்ட குடுங்க, நான் வளக்கேன்” என்றார்கள். எங்கள் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். எம் மக பெத்த பிள்ளை எம் மககிட்டதான் வளரும் என்று ஒரே சத்தம். மதினி பக்கத்துச் சனமும் விடவில்லை. நடுவில் பூரணி உட்கார்ந்து லட்டுவைப் பிட்டுப் பிட்டுத் தரையில் போட்டுக்கொண்டிருந்தது.

நான்தான் போய்த் தூக்கினேன். “இது ஏம் பிள்ளை” என்றேன். யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை, சிஸ்டர். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

இங்கே வந்ததும் பூரணி என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடப் பார்த்தாள். நான் விடவில்லை. சித்தி சொல்லு, சித்தி சொல்லு என்று ஒரு வாரமாகத் திருத்தினேன். அக்கா இடம் அக்காவுக்கு. இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், பிள்ளை உன்னை ஒரு நாளாவது அம்மா என்றதா என்று. இல்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த மனக்குறை எனக்கு இருக்காதா?

பறவைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அத்தான் வேலை பார்க்கும் இடம் கலிபோர்னியாவில் ஒரு மலைச்சரிவு. எங்கே பார்த்தாலும் ஓக் மரங்கள். இங்குள்ள மரங்கொத்தி நம் ஊர் மரங்கொத்தி போலத் தனியாகத் திரிவதில்லை, கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் இரண்டு மூன்று, அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அக்காள் தங்கைகள், போன வருஷத்துப் பிள்ளைகள், எல்லாம் ஒரே மரம். உச்சந்தலையில் குங்குமத்தை அப்பினாற்போல் சிவப்பு, வெள்ளை வெளேரென்ற கண். மரம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒன்றாக ஓக் கொட்டையைச் செருகி வைக்கும். குளிர்காலத்துக்குச் சாப்பாடு. நம் ஊரில் நெல் கொட்டிவைக்கிற பத்தாயம் மாதிரி இருப்பதால் நான் அதைப் பத்தாய மரம் என்பேன். அத்தான்கூட இப்போது அப்படித்தான் சொல்கிறார். அந்த மரம் ஒரு குடும்பத்துக்குச் சொத்து. அதில் இருக்கும் பெண் செத்துவிட்டால் போதும், அந்த இடத்துக்காக எந்தெந்த மரத்திலிருந்தோ பெண்கள் புறப்பட்டு வந்துவிடுவார்கள்.

போன மே மாதம் பத்தாய மரத்துப் பெண்ணைப் பருந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. பொந்துக்குள் குஞ்சுகள் இருந்தன. பார்த்துப் பதிவு செய்ய ஆள் போதவில்லை, “நீயும் வந்து உக்காரு கோமு” என்றார் அத்தான். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மடக்கு நாற்காலியைப் போட்டு, மடியில் பூரணியை வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்து ரெக்கார்டரில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். ‘கோபமாக வந்தது’ என்று சொன்னால் அத்தான் அழித்துவிடுவார். ‘சிறகை விரித்தது’ என்று சொல்ல வேண்டும். “கோபம் நீ நினைச்சது. சிறகு நீ பார்த்தது” என்பார். பரீட்சை எழுதுகிற மாதிரி நான் சரியாகச் சொல்லிவிடுவேன். நன்றாகச் சொல்கிறேன் என்று பாராட்டினார்கூட.

என்ன சண்டை சிஸ்டர் அது! விடியும்போதே பத்துப் பன்னிரண்டு வந்துவிட்டன. கத்தலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். கொம்புக்குக் கொம்பு துரத்தல். ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தரையில் விழுந்து புரண்டன. இதில் சம்பந்தமே இல்லாத அக்கம்பக்கத்து மரத்தவர்களும் தங்கள் கொட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள், கல்யாண மண்டபத்தில் பந்திச் சண்டை பார்ப்பது மாதிரி. நான் சிரித்துவிட்டேன். எங்கள் பதினாறாம் நாள் விசேஷம் ஞாபகம் வந்தது. “அந்தப் பெரிய வாய்க்காரி உங்கக்கா மாதிரியே இருக்கா” என்று அத்தானிடம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

கடைசியில் ஜெயித்தது கீழ்ச்சரிவிலிருந்து வந்த இரண்டு பெண்கள். அக்காளும் தங்கையும், இவர்கள் மாட்டியிருக்கும் கால் வளையத்தை வைத்துச் சொல்வார்கள். நல்ல அழகு இரண்டும். மற்றவர்கள் கலைந்து போனார்கள். அப்பாடா, குஞ்சுகளுக்கு ஆள் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டில் ஒன்று பொந்துக்குள் தலையை விட்டது. கழுத்தைக் கவ்வி ஒரு குஞ்சை வெளியே இழுத்தது. இறகு முளைக்காத குஞ்சு. கொத்தியது. கீழே போட்டது. மறுபடி தலையை உள்ளே விட்டது.

தகப்பன்மார் பக்கத்துக் கொம்பில் உட்கார்ந்திருந்தார்கள், சிஸ்டர். ஒன்றும் செய்யவில்லை.

நான் பூரணி கண்ணைப் பொத்திவிட்டு, அவளை அப்படியே நாற்காலியில் இறக்கிவிட்டு, கல்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். “சண்டாளி! தாயில்லாப் பிள்ளையையா கொல்லுதே!” என்று கத்தினேன். ரெக்கார்டரில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது, இங்கே எல்லோருக்கும் சிரிப்பு. அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

“உன்னைப் பார்க்கத்தானே உக்கார வச்சேன், நியாயம் பேசவா?”

“அதுக்கு என்ன கேடு அத்தான்? குஞ்சு அது பாட்டுக்குக் கிடக்கு.”

“இந்தக் குஞ்சு இருக்கிற வரைக்கும் அவ முட்டைக்கு இடம் கிடையாது. அவ்வளவுதான். அதுக்குக் கெட்ட எண்ணம்னு ஒண்ணும் கிடையாது.”

எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மாற்றாள் பிள்ளை என்று பார்க்கிற ஜென்மம், அதற்கு இவர் வக்காலத்து வாங்குகிறாரே என்று இருந்தது. பூரணியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அதையெல்லாம் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தச் சுவரைத் தட்டிய விஷயத்துக்குப் பிறகுதான் நான் பூரணியைக் கவனிக்க ஆரம்பித்தேன். எப்போது பார்த்தாலும் தம்பி பக்கத்தில் நிற்பாள். அவன் வாயைத் திறந்தால் குனிந்து உள்ளே பார்ப்பாள். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்ப்பாள். அது ஆவுடைக்கா பார்வை. என்னடி என் வீட்டில் செய்கிறாய் என்று கேட்பது மாதிரி இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் அடுப்பில் ரசம் பொங்குகிறதே என்று போனேன். திரும்பி வந்தால் பையன் முகம் சிவந்து, மூச்சு வராமல் திணறுகிறான். பூரணி அவன் வாயிலிருந்து கையை எடுக்கிறாள். விரலை விட்டு எடுத்தேன். ஓக் கொட்டை, சிஸ்டர். உடைத்து, கடித்து, எச்சிலில் ஊறவைத்து மாவு மாதிரி ஆக்கி அவன் வாயில் வைத்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, இருமினான், அழுதான், சரியாகிவிட்டான். ஆகியிருந்தால்?

ஒரு அடி வைத்தேன். ஒன்றே ஒன்று, முதுகில்.

அவள் அழவில்லை. “இன்னும் கொஞ்சம் இருக்கு சித்தி” என்று மற்றக் கையை விரித்துக் காட்டினாள்.

அத்தான் வந்ததும் சொன்னேன். அவர் பூரணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“நீ என்ன பார்த்தே?”

“அவனைக் கொல்லப் பார்த்தா.”

“அது நீ நினைச்சது. பார்த்தது என்ன?”

“ஏன் அத்தான், நான் என்ன உங்க தொலைநோக்கி முன்னாலயா உக்காந்திருக்கேன்? என் பிள்ளை அது!”

“கோமு, மூத்த பிள்ளைகள் குஞ்சுக்குக் கொட்டையை உடைச்சு ஊட்டுறதை நான்தான் இவளுக்குத் தினமும் காட்டுதேன். அக்கா தம்பிக்கு ஊட்டுதா பாருன்னு சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கேன். அவ ஊட்டியிருக்கா. தப்பு என் பேர்லதான். சொல்லிக்கொடுத்தா இனிமே செய்ய மாட்டா.”

“பறவைக் கதையை எங்கிட்டச் சொல்லாதிய” என்றேன்.

அவர் பூரணியோடு வெளியே இறங்கிப் போய்விட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான்.

மதினியை நான் வரச் சொன்னேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். நான் கூப்பிடவே இல்லை. தீபாவளி வாழ்த்துச் சொல்ல அவர்களாகத்தான் போன் செய்தார்கள். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ராத்திரி தூங்கவில்லை என்று சொன்னேன். பெரியவளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நாள் யாராவது பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். யார் என்று பெயர் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் இங்கே எல்லோருக்கும் விடுமுறை. மதினியும் அவர்கள் வீட்டுக்காரர் கந்தையா அண்ணனும் விமானத்தில் வந்து, வண்டி எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்துவிட்டார்கள். மதினி காலைக்கூட நனைக்கவில்லை, பூரணியைத் தூக்கி முகர்ந்தார்கள். பிள்ளை புது ஆள் என்று பார்க்காமல் அவர்கள் தாலிச் சங்கிலியைப் பிடித்து விளையாடுகிறது. அண்ணன்தான் பாவம், சுவரில் இருக்கும் ஓட்டையெல்லாம் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, உம்ம வீட்டை அந்தப் பறவையே எழுதி வாங்கிட்டுது போலிருக்கே” என்று எல்லோரையும் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

மறுநாள் சாப்பிடும்போது மதினி கேட்டார்கள்.

“ஏட்டி கோமு, அன்னைக்குச் சபையில என்ன சொன்னே? ஏம் பிள்ளைன்னே. ஞாபகம் இருக்கா?”

“கொஞ்ச நாளைக்குத்தான் மதினி. இவன் கழுத்து நிக்கட்டும்.”

“கொஞ்ச நாளைக்கு இரவல் குடுக்க இதென்ன இட்லிக் கொப்பரையா?”

நான் குழம்புக் கிண்ணத்தை மதினி பக்கம் நகர்த்தினேன், அவர்கள் அதைத் தொடவில்லை.

“நேரா சொல்லிடுதேன். கூட்டிட்டுப் போனா திருப்பித் தர மாட்டேன். அங்க ஒருக்க, இங்க ஒருக்கன்னு பிள்ளையைப் பந்தாட முடியாது. உனக்குச் சிரமம்னா நான் இங்கயே ரெண்டு மாசம் இருந்து ரெண்டையும் பாக்கேன். அதுவும் எனக்குச் சம்மதம். நீ யோசிச்சுச் சொல்லு.”

பாருங்கள், என் வீட்டில் வந்து இரண்டு மாதம் உட்கார்ந்துகொள்கிறார்களாம்! என் பையனையும் பார்க்கிறார்களாம்! முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று.

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தட்டைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன், சிஸ்டர். தகப்பனே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தால் நான் என்ன செய்வேன்?

“கூட்டிட்டுப் போங்க மதினி” என்றேன்.

துணியெல்லாம் நான்தான் மடித்து வைத்தேன். ஒரு பாவாடைகூட விடவில்லை. அந்த ரஜாயையும் வைத்தேன். மல்லித்தூள் டப்பாவையும் காலி செய்து கழுவி, அக்கா ஞாபகமாக இருக்கட்டும் என்று பெட்டியில் போட்டேன். மதினி அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்கள். என்னை ஏற இறங்க ஒரு பார்வை. “இவனும் ஒருநாள் எதையாவது வாயில போடுவான், கோமு. அன்னைக்கும் எனக்குச் சொல்லு” என்றார்கள். அந்தப் பேச்சுக்கு நான் என்ன பாவம் செய்தேன்?

வண்டியில் பின்சீட்டில் பூரணியை வைத்துப் பெல்ட் மாட்டினார்கள். பனி பார்க்கப் போகிறோம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் பையனைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“தம்பி வரலியா சித்தி?”

“அவன் சின்னப் பிள்ளை. வர மாட்டான்.”

“அப்ப அவனுக்கு யாரு ஊட்டுவா?”

“நான் ஊட்டுவேன். நீ போய்ட்டு வா.”

அவள் யோசித்தாள். “பொடிசா ஊட்டு” என்றாள்.

வண்டி வளைவில் மறைகிறவரை நின்றேன். அழுகை வந்தது. அழுதேன். யார் என்ன சொன்னாலும் நான் அழுதேன்.

திரும்பினால் அத்தான் இன்னும் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். “ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?” என்று கேட்டேன். “நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார். இவ்வளவுதான். அன்றிலிருந்து பூரணி இருந்த அறையில், அவள் சின்ன மெத்தையில், காலை மடக்கிக்கொண்டு படுக்கிறார். பூரணி இப்போது மதினியை அம்மா என்று கூப்பிடுகிறதாம். மூன்றாம் நாளே கூப்பிட்டதாம். என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தாயிற்று, என் சொல்லையும் எடுத்தாயிற்று. எங்களுக்கு நடந்தது இதுதான், சிஸ்டர். அம்மா வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

வசந்தம் வந்ததும் போய் அழைத்து வருவேன் என்று போன வாரம் அத்தான் சொன்னார். மதினி விட மாட்டார்கள் என்றேன். “விடலைன்னா அங்கயே ஒரு வேலை பாக்கேன்” என்றார். “இவனும் அவளும் ஒண்ணா வளரணும்.” அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தொட்டிலைப் பார்த்தார்.

பத்தாய மரத்தில் அந்த அக்காளும் தங்கையும் நன்றாக இருக்கிறார்கள். மறுபடி முட்டையிட்டுப் பொரித்து, குஞ்சுகள் பறந்தும்விட்டன. இலையெல்லாம் கொட்டின பிறகு இங்கிருந்தே தெரிகிறது. நான் பார்ப்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தான் வந்துவிட்டார். வெளியே பனி விழுகிறது, காலணியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் என் வாசலில் வந்து நின்றார். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. அவர் தள்ளவில்லை.

“கோமு. முழிச்சிருக்கானா? கொஞ்ச நேரம் குடு. வச்சிருந்துட்டுத் தாரேன்.”

பையன் முழித்துத்தான் இருந்தான். குரல் கேட்டுக் காலை உதைத்தான்.

“தூங்குதான்” என்றேன்.

பிறகு அவர் நடந்து போவதும், அந்தச் சின்ன மெத்தை அமுங்குவதும் கேட்டது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், சிஸ்டர். எனக்காகவும் இவனுக்காகவும். நான் பேனாவை வைத்துவிட்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனேன். சத்தம் வராமல் கதவை உள்பக்கம் தாழிட்டேன்.